வெளிச்சம் அக்கரைக்கு, சாம்பல் இக்கரைக்கு

ஒரு ஊரில் சேரி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வரைபடம் தேவையில்லை. ஊர்த் தண்ணி எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்தால் போதும். ஊர்க் கழிவு சேரிப் பக்கம் வரலாம். சேரிக் காற்று ஊர்ப் பக்கம் போகக் கூடாது. இது நம்ம நாட்டுக்கு மட்டுமே உள்ள ஏற்பாடு, வெள்ளைக்காரன் ஊரில் இதெல்லாம் கிடையாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாதி அங்கே இல்லைதான். ஆனால் ஒரு நகரம் தன் அழுக்கை யார் தலையில் கொட்டலாம் என்று முடிவு செய்கிறபோது நடந்துகொள்ளும் விதம் நமக்கு ரொம்பவும் பழக்கமானது. லண்டனில் பாங்க்சைடு என்ற இடத்தில் இருந்த ஒரு மின்நிலையத்தின் கதையை இங்கே சொல்வது அதற்காகத்தான்.

இன்று அந்தக் கட்டடத்தின் பெயர் டேட் மாடர்ன். உலகத்தில் மிக அதிகமான பேர் வந்து பார்க்கிற நவீன கலைக்கூடங்களில் ஒன்று. பழைய மின்நிலையத்தை இடித்துத் தள்ளாமல் கலைக்கூடமாக மாற்றியதைக் கட்டடக்கலை மாணவர்களுக்கு முன்மாதிரியாகச் சொல்லித்தருகிறார்கள். சுவர் காப்பாற்றப்பட்டது, சரி. சுவருக்கு உள்ளே வெந்தவர்கள், சுவருக்கு வெளியே கரியை முழுங்கியவர்கள், இவர்களுடைய வரலாறு என்ன ஆயிற்று? நம்ம கேள்வி இதுதான்.

1

தேம்ஸ் நதிக்கு வடகரையில் இருப்பது 'சிட்டி' எனப்படும் பழைய லண்டன். வணிகர்கள், வங்கிகள், செயின்ட் பால் பேராலயம் எல்லாம் அந்தக் கரையில். தென்கரையில் இருப்பது சதர்க். பாங்க்சைடு அதில் ஒரு பகுதி. அங்கே சிட்டியின் அதிகாரம் செல்லாத நிலங்கள் இருந்தன. அதனால் சிட்டிக்குள் வைத்துக்கொள்ளக் கூசியதையெல்லாம் ஆற்றைத் தாண்டித் தள்ளிவிட்டார்கள். கரடிச் சண்டைக் களம், சாராயக் கடை, சிறைச்சாலை, விபச்சார விடுதி, நாடகக் கொட்டகை. இன்றைக்கு ஷேக்ஸ்பியர் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கிறார்கள். அவருடைய குளோப் கொட்டகை 1599-ல் எழுந்தது இந்த ஒதுக்குப்புறத்தில்தான். கூத்தாடிக்கு ஊருக்குள் இடமில்லை என்பது நமக்கு என்ன புதுசா?

இங்கிருந்த விபச்சார விடுதிகள் வின்செஸ்டர் பிஷப்பின் நிலத்தில் நடந்தன. வாடகையும் தண்டத்தொகையும் பிஷப்புக்குப் போயின. அந்தப் பெண்கள் செத்துப்போனால்? திருச்சபை மண்ணில் அவர்களுக்குக் குழி கிடையாது. ஆலயத்துக்குத் தூரமாக ஒரு தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்று வயசானவர்கள் சொல்லக் கேட்டதை ஜான் ஸ்டோ என்பவர் 1598-ல் லண்டனைப் பற்றிய தன் நூலில் எழுதிவைத்திருக்கிறார். கிராஸ் போன்ஸ் என்ற இடுகாடுதான் அது என்பது வழிவழியாக வரும் பேச்சு. பிற்காலத்தில் அங்கே ஏழை பாழைகளைப் புதைத்தார்கள். இனி ஒரு பிணத்துக்கும் இடமில்லை என்ற நிலையில் 1853-ல் மூடியபோது சுமார் 15,000 பேர் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள்.

உயிரோடு இருக்கும்போது காசு வாங்கிக்கொள்ளலாம், செத்த பிறகு தீட்டு. பொதுச் சுடுகாட்டுக்குப் போகும் பாதைக்காக இன்னும் அடிபட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம்.

1990-களில் அந்த இடுகாட்டில் ஒரு பகுதியைத் தோண்டினார்கள். சுரங்க ரயில் பாதைக்கு ஒரு துணைமின்நிலையம் கட்ட வேண்டியிருந்தது. 148 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், பிறக்கும் முன்னும் பிறந்த சில நாளிலும் செத்த குழந்தைகள். மின்சாரத்துக்காகத் தோண்டியபோதுதான் இவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். பிறகு அந்தப் பகுதி மக்கள் கூடி இரும்புக் கதவில் ரிப்பனும் பூவும் கட்டி, மாதாமாதம் 23-ஆம் தேதி அந்த வாசலில் நின்று இறந்தவர்களை நினைத்துக்கொள்ளும் வழக்கத்தை உண்டாக்கினார்கள். இது எந்தக் கலைக்கூடமும் செய்த காரியம் அல்ல.

2

மின்நிலையம் இந்த மண்ணுக்கு வந்தது 1891-ல். சிட்டி ஆஃப் லண்டன் எலக்ட்ரிக் லைட்டிங் கம்பெனி என்பது அதன் பெயர். பெயரிலேயே இருக்கிறது கதை. வெளிச்சம் அக்கரையில் உள்ள சிட்டிக்கு. எந்திரமும் கொதிகலனும் இக்கரையில் பாங்க்சைடில். கரி படகில் வந்து இறங்கும். அதை எரித்து வரும் மின்சாரம் ஆற்றைத் தாண்டி வங்கிகளுக்கும் கடைகளுக்கும் போகும். புகை, புழுதி, அதிர்வு, சாம்பல் இவை மட்டும் இங்கேயே தங்கிவிடும்.

நிலையம் தொடங்கிய சில வருசத்திலேயே பக்கத்தில் மதுக்கடை நடத்தியவரும், அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரரான மதுவடிப்பு கம்பெனியும் வழக்குப் போட்டார்கள். எந்திரம் ஓடுகிற அதிர்ச்சியில் வீடு விரிசல் விடுகிறது, தூங்க முடியவில்லை என்பது முறையீடு. கம்பெனி, 'நாங்கள் பொதுமக்களுக்கு வெளிச்சம் தருகிறோம், வேண்டுமானால் நஷ்ட ஈடு தருகிறோம்' என்றது. கீழ் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்பவில்லை. காசு கொடுத்துத் தொல்லை கொடுக்கும் உரிமையை விலைக்கு வாங்க முடியாது என்று சொல்லித் தடையாணை தந்தது. 1895-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் உள்ள இந்த வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

நல்ல தீர்ப்புதான். ஆனால் யாருக்குக் கிடைத்தது? சொத்து உள்ளவருக்கு, குத்தகைப் பத்திரம் உள்ளவருக்கு. சுற்றிலும் சந்துபொந்துகளில் ஒரே அறையில் ஆறேழு பேராக முடங்கிக் கிடந்த கப்பல்துறைக் கூலிகளும் அவர்கள் பிள்ளைகளும் அதே புகையைத்தான் சுவாசித்தார்கள். துணி காயப்போட்டால் கரி அப்பிக்கொள்ளும். அவர்கள் யாரிடம் போய்த் தடையாணை கேட்பது? புகைக்காக அபராதம் விதிக்கப்பட்டதும் உண்டு. கம்பெனி கட்டிவிட்டுப் புகைத்துக்கொண்டே இருந்தது. 1950-களின் கடைசிவரை அந்தப் பழைய நிலையம் ஓடியது.

3

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது தென்கரைக்கு விடிவு வரும்போலத் தெரிந்தது. 1943-ல் தயாரான லண்டன் திட்டம், ஆற்றோரத்துத் தொழிற்சாலைகளை எடுத்துவிட்டு அங்கே பூங்காவும் வீடும் கலையரங்கும் வரவேண்டும் என்றது. ஆனால் 1947 குளிர்காலத்தில் கடும் பனி. கரி தட்டுப்பாடு, மின்வெட்டு. மின்சாரம் வேண்டும் என்ற நெருக்கடியில் பாங்க்சைடிலேயே புதிய மின்நிலையத்துக்கு அந்த ஆண்டு அனுமதி கொடுத்தது தொழிற்கட்சி அரசு.

எதிர்ப்பு பலமாக எழுந்தது. எதற்காக? செயின்ட் பால் பேராலயத்துக்கு நேர் எதிரே புகைபோக்கி வரலாமா, பேராலயத்தின் கல் கறுத்துவிடாதா என்பதுதான் பெரிய கூச்சலாக இருந்தது. தென்கரை மக்களின் நுரையீரல் கறுப்பதைப் பற்றிய கவலை அந்த அளவுக்குக் கேட்கவில்லை. கடைசியில் கரிக்குப் பதில் எண்ணெயை எரிப்பது, புகையைத் தேம்ஸ் தண்ணீரில் கழுவிவிட்டு வெளியே விடுவது என்று சமரசம். கழுவிய கந்தகத் தண்ணி திரும்பவும் ஆற்றுக்குள்ளேயே போனது. புகைபோக்கியின் உயரம் 99 மீட்டர். பேராலயத்தின் உயரம் 111 மீட்டர். சாமியைவிட உயரமாக எழும்பக் கூடாதாம். கோபுரத்தைப் பார்த்த மாதிரி மாடி கட்டினால் கலவரம் நடக்கிற நம்ம கிராமங்கள் ஞாபகத்துக்கு வருகின்றன.

வடிவமைத்தவர் சர் கைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் தெருக்களில் நிற்கும் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் இவர் வடிவமைத்ததுதான். 42 லட்சம் செங்கற்கள். நடுவே ஒற்றைப் புகைபோக்கி. உள்ளே ஏறத்தாழ 150 மீட்டர் நீளமும் 35 மீட்டர் உயரமும் கொண்ட டர்பைன் கூடம். பாதி நிலையம் 1952-ல் ஓடத் தொடங்கியது. மீதி 1963-ல் முடிந்தது. செங்கல் பேராலயம் என்று புகழ்ந்தார்கள்.

ஆலயம் என்று சொல்லிவிட்டால் ஒரு வசதி. உள்ளே வேலை செய்தவனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அது ராவும் பகலும் நிற்காமல் முறைவேலை நடந்த இடம். கொதிகலன் சூடு, டர்பைன் இரைச்சல். அந்தக் காலத்து மின்நிலையங்களில் கொதிகலனுக்கும் குழாய்க்கும் கல்நார் பூசிச் சுற்றுவார்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் இருபது முப்பது வருசம் கழித்து ஆளைக் கொல்லும். கட்டடத்தின் செங்கல் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் புத்தகங்கள், அப்படிப் போனவர்களை எண்ணிச் சொல்வதில்லை.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்பது கட்டுப்படியாகவில்லை. 1981 அக்டோபரில் நிலையத்தை மூடினார்கள். 300 மெகாவாட் தந்த கட்டடம் சும்மா கிடந்தது. துணைமின்நிலையம் மட்டும் ஒரு மூலையில் முனகிக்கொண்டே இருந்தது.

4

1994-ல் டேட் நிறுவனம் இந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது. சுவிட்சர்லாந்தின் ஹெர்சாக், டி மெரான் என்ற கட்டடக் கலைஞர்கள் எந்திரங்களை அகற்றி, டர்பைன் கூடத்தை வெறும் கூடமாகவே விட்டார்கள். மேலே ஓடும் கிரேன் மட்டும் மிச்சம். செலவு 13 கோடியே 40 லட்சம் பவுண்டு. அதில் 5 கோடி லாட்டரிச் சீட்டு விற்ற பணம். சீட்டு வாங்கித் தோற்பவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2000 மே மாதம் ராணி வந்து திறந்துவைத்தார்.

டேட் என்ற பெயரிலும் ஒரு சரித்திரம் உண்டு. ஹென்றி டேட் லிவர்பூல்காரர். 1859-ல் சர்க்கரைத் தொழிலில் இறங்கிக் கட்டிச் சர்க்கரையில் சம்பாதித்தவர். தன்னிடமிருந்த ஓவியங்களையும் பணத்தையும் கொடுத்து, மில்பாங்க் சிறைச்சாலை இருந்த மண்ணில் 1897-ல் முதல் கலைக்கூடம் அமையச் செய்தார். அவர் அடிமைகளை வைத்திருந்தவர் அல்ல. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை 1830-களிலேயே சட்டப்படி முடிந்துவிட்டது. ஆனால் சர்க்கரைத் தொழில் ஆப்பிரிக்கர்களின் முதுகில் ஏறி வளர்ந்த தொழில். அடிமைகள் போன பிறகு கரும்புத் தோட்டத்துக்கு யார் போனார்கள்? மொரீசியசுக்கும் நேட்டாலுக்கும் கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களில் நம்மாளுக உண்டு. 1860 நவம்பரில் நேட்டாலில் இறங்கிய முதல் கூலிக்கப்பல் சென்னையிலிருந்து போனதுதான். நேட்டால் கப்பல்களின் ஆள்பட்டியலில் சாதி என்ற கட்டத்துக்குள் நம்ம பெயரை எழுதிவைத்திருக்கிறான் வெள்ளைக்காரன். கடல் தாண்டினாலும் கட்டம் தாண்டவிடவில்லை.

ஆக, சர்க்கரையில் விளைந்த பெயர், எண்ணெய் எரிந்த கட்டடத்துக்குள் குடிபுகுந்தது. போதாததற்கு எண்ணெய்க் கம்பெனியும் உள்ளே வந்தது. பி.பி. நிறுவனம் 1990-லிருந்து டேட்டுக்கு நன்கொடை தந்துவந்தது. எவ்வளவு என்று சொல்ல டேட் மறுத்தது. போராட்டக்காரர்கள் தகவல் உரிமைத் தீர்ப்பாயம்வரை போய், 2015-ல் கணக்கை வெளியே கொண்டுவந்தார்கள். பதினேழு வருசத்துக்குச் சேர்த்து 38 லட்சம் பவுண்டு. இவ்வளவு பெரிய கூடத்துக்கு அது ஒரு சிறு தொகை. இந்தச் சின்னக் காசுக்குத்தான் அந்தக் கம்பெனி தன் பெயரைக் கலையில் கழுவிக்கொண்டது. கழுவிய தண்ணி எங்கே போகும் என்று முன்னமே பார்த்தோம்.

5

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டேட் மாடர்னின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. யாரும் உள்ளே போகலாம். உள்ளே போக முடிந்ததால்தான் அந்தக் கூடத்துக்குள்ளேயே அதைக் கேள்வி கேட்ட கலைஞர்களும் வந்தார்கள்.

2007-ல் கொலம்பியாவைச் சேர்ந்த டோரிஸ் சால்செடோ டர்பைன் கூடத்தின் சிமெண்டுத் தரையில் 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசலை உண்டாக்கினார். வைத்த பெயர் ஷிபோலேத். விவிலியத்தில் நியாயாதிபதிகள் ஆகமம் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் சொல். யோர்தான் நதித்துறையைக் கடக்க வந்த எப்பிராயீமியரைக் கிலேயாத்தியர் மடக்கி, 'ஷிபோலேத் என்று சொல்' என்பார்கள். அவர்கள் நாக்குக்கு ஷகரம் வராது. 'சிபோலேத்' என்றால் அங்கேயே வெட்டு. அப்படிச் செத்தவர்கள் 42,000 பேர் என்கிறது ஆகமம்.

இந்தக் கதை நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். வகுப்பில் வாய்திறந்து ஒரு வரி வாசித்ததும் 'எந்தத் தெருடா நீ?' என்று கேட்கப்பட்ட பிள்ளைகள்தான் நாம். ழகரம் வரவில்லை என்று சிரிப்பார்கள். சென்னைச் சேரிப் பேச்சைச் சினிமாவில் கோமாளிக்குக் கொடுப்பார்கள். வேலைக்கான நேர்காணலில் பேச்சை வைத்தே ஊரையும், ஊரை வைத்தே தெருவையும், தெருவை வைத்தே சாதியையும் பிடித்துவிடுவார்கள். கழுத்தை வெட்டுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பா தன் கலைக் கோவிலின் தரைக்கு அடியில் யாரைத் தள்ளி மூடியிருக்கிறது என்று காட்டத்தான் சால்செடோ தரையைப் பிளந்தார். அடுத்த வருசம் விரிசலைச் சிமெண்டு போட்டு அடைத்தார்கள். ஆனாலும் தழும்பு மறையவில்லை. தரையைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியும்.

2010-ல் சீனாவின் ஐ வெய்வெய் பீங்கானில் செய்த பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளை அதே தரையில் பரப்பினார். ஜிங்டெசென் என்ற ஊரில் 1,600 பேர் கையால் செய்து வண்ணம் தீட்டியவை. ஜனங்கள் அதன்மேல் நடக்கலாம், உட்காரலாம் என்றுதான் திட்டம். சில நாளிலேயே, கிளம்புகிற பீங்கான் தூசி உடம்புக்கு ஆகாது என்று கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். முன்பு இதே சுவர்களுக்குள் தூசியோடு வருசக்கணக்கில் வேலை செய்தவர்களுக்கு யார் கயிறு கட்டினார்கள்? 2018-ல் தானியா புருகேரா என்ற கியூபக் கலைஞரின் முயற்சியில், பழைய கொதிகலன் பகுதிக்கு நாட்டலி பெல் என்ற அந்தப் பகுதிச் சமூக ஊழியரின் பெயரை வைத்தார்கள். பணம் கொடுத்தவர் பெயர் வைப்பதே வழக்கமான இடத்தில் இது ஒரு நல்ல காரியம். ஆனால் 2020-ல் கொள்ளைநோய்க் காலத்து நெருக்கடியில் டேட்டின் கடைகளிலும் உணவகங்களிலும் 313 பேருக்கு வேலை போகும் என்று அறிவித்தபோது, அவர்கள் வாசலில் வேலைநிறுத்தம் செய்து நிற்க வேண்டியிருந்தது.

6

கலைக்கூடம் வந்த பிறகு சுற்றுப்புறத்து நிலத்தின் விலை எகிறியது. கரி விழுந்த மண் பொன்னாகிவிட்டது. பக்கத்திலேயே முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்த பணக்காரக் குடியிருப்பு எழுந்தது. 2016-ல் டேட் ஒரு புதிய கோபுரத்தைத் திறந்து, பத்தாவது மாடியில் ஜனங்கள் நின்று லண்டனைப் பார்க்க ஒரு மாடம் வைத்தது. வருசத்துக்கு ஐந்து லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள். எதிர்வீட்டுக் கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. வீட்டுக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். திரை போட்டுக்கொள்ளுங்களேன் என்றது டேட். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வீட்டுக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

1895-ல் ஒரு வழக்கு, 2023-ல் ஒரு வழக்கு. இரண்டும் இதே மண்ணில், இதே 'தொல்லை' என்ற சட்டத்தின் கீழ். அந்தரங்கம் எல்லோருக்கும் உரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த நூற்றிச்சொச்சம் வருசத்தில் தொல்லை என்று சட்டத்தின் காதில் விழ வைத்தவர்கள் சொத்துக்காரர்கள் மட்டுமே. அம்பேத்கர் 1920-களின் தொடக்கத்தில் லண்டனில் படித்தபோது தங்கியிருந்த வீட்டை மகாராஷ்டிர அரசு 2015-ல் வாங்கி நினைவகமாக்கியது. அங்கேயும் அக்கம்பக்கத்தார் சிலர் ஆட்சேபித்தார்கள். உள்ளாட்சி அனுமதி மறுத்தது. 2020-ல் பிரிட்டிஷ் அரசு தலையிட்ட பிறகே அனுமதி கிடைத்தது. நாம் நடந்து போவதே சிலருக்குத் தொல்லையாகத் தெரிகிறது.

அப்படியானால் பழைய மின்நிலையம் ஒன்று பணக்காரர்கள் பக்கம்தான் போய்ச் சேர வேண்டுமா? இல்லை. அதே தென்கரையில் கொஞ்ச தூரம் மேற்கே ஆக்ஸோ கோபுரம் நிற்கிறது. அதுவும் ஒரு காலத்தில் மின்நிலையம். தபால் துறைக்காகக் கட்டியது. 1920-களில் ஒரு இறைச்சிச் சாறு கம்பெனி வாங்கிக் குளிர்கிடங்காக மாற்றிக் கட்டியது. 1970-களில் அந்த ஆற்றோரத்தில் பெரிய அலுவலகக் கோபுரங்கள் கட்ட வணிகர்கள் வந்தபோது, அங்கே மிச்சமிருந்த ஜனங்கள் 'எங்களுக்கு வீடு வேண்டும்' என்று எதிர்த்து நின்றார்கள். ஏழு வருசப் போராட்டம், இரண்டு பொது விசாரணை. 1984-ல் லண்டன் பெருநகர் மன்றம் அந்த 13 ஏக்கரை மக்கள் அமைப்புக்கே விற்றது. 1990-களில் ஆக்ஸோ கட்டடத்தைச் சீர்செய்து அதில் 78 கூட்டுறவு வீடுகளும், கைவினைஞர்களின் பட்டறைகளும் கடைகளும் வைத்தார்கள். மேல்தளத்தில் ஜனங்கள் காசில்லாமல் நின்று ஆற்றைப் பார்க்க ஒரு மாடமும் வைத்தார்கள். ஜனங்கள் நேரத்தோடு கூடி நின்றது மட்டும்தான் இரண்டு கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம்.

7

இதெல்லாம் எங்கோ லண்டன் கதை என்று விட்டுவிட முடியாது. சென்னைக்கு மின்சாரம் தந்த மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் லண்டனிலிருந்து ஆளப்பட்ட கம்பெனி. அதன் மின்நிலையம் இருந்தது பேசின் பிரிட்ஜில். 1947 ஆகஸ்ட் 29-ல் சென்னை அரசு அதை எடுத்துக்கொண்டது. அதற்குக் கிடைத்த பணத்தின் வரி வழக்கு 1955-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை வரை போனது. கரி எரிந்தது இங்கே, கணக்கு எழுதியது அங்கே. பழைய கரி நிலையம் போன பிறகு 1996-ல் பேசின் பிரிட்ஜில் 120 மெகாவாட் திறனுள்ள டர்பைன் நிலையம் வந்தது. வடக்கே எண்ணூரில் 1970-களில் எழுந்த 450 மெகாவாட் அனல்மின் நிலையத்தை 2017 மார்ச்சில் மூடினார்கள்.

புளியந்தோப்பு, வியாசர்பாடி, எண்ணூர். கரி இறக்கியவர்கள், சாம்பல் அள்ளியவர்கள், கொதிகலனைச் சுத்தம் செய்தவர்கள், கூரையில் சாம்பல் படிய வாழ்ந்தவர்கள் எல்லோரும் இந்தப் பகுதிக்காரர்கள்தான். நாளைக்கு இந்த நிலத்தில் ஏதாவது ஒன்று எழும்பலாம். அருங்காட்சியகமோ, மாளிகைக் கடையோ, பூங்காவோ. திறப்புவிழாக் கல்வெட்டில் அமைச்சர் பெயரும் பொறியாளர் பெயரும் இருக்கும். அதற்கு முன்னாலேயே நமக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுத் தாத்தாவோ சித்தப்பாவோ பவர் ஹவுஸ் வேலைக்குப் போனவரா? போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள், யார் யாருக்குத் தனித் தண்ணிப் பானை, யார் ஒப்பந்தக் கூலி, யார் நிரந்தரம், இருமல் எப்போது தொடங்கியது, கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்று கேளுங்கள். அவர்கள் பேசுகிற பேச்சிலேயே எழுதுங்கள். ழகரம் வராவிட்டால் பரவாயில்லை.